ஒரே ஊர், ஒரே மேயர், பல பத்தாண்டுகள்: ஜெர்மனியின் சிற்றூர் மேயர் என்பவர் யார்?

ஜெர்மனியின் ரைன்லாந்து-ஃபால்ட்ஸ் மாநிலத்தில் விண்ட்ஹாகன் என்று ஓர் ஊர். நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இடம். 1963-இல் யோசெஃப் ரூடல் அங்கே மேயர் ஆனார். கொன்ராட் அடெனாவர் மேற்கு ஜெர்மனியின் சான்சலராக இருந்த கடைசி ஆண்டு அது. பெர்லின் சுவர் எழுந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிறகு அந்தச் சுவர் விழுந்தது, நாடு ஒன்றானது, மார்க் போய் யூரோ வந்தது. விண்ட்ஹாகனில் மேயர் மட்டும் மாறவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் ரூடல் அதே பொறுப்பில் இருந்தார்.

இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போது நம்மில் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. ஒரு சாரார், "ஐம்பது வருடம் ஒரே ஆளா? இது ஜனநாயகமா, ஜமீனா?" என்று கேட்கிறார்கள். இன்னொரு சாரார், "தன்னலமற்ற தலைவர் என்றால் இவர்தான்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். இரண்டு பேச்சும் அந்த மனிதரைப் பார்க்கின்றன. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்ப்பதில்லை. அந்த நாற்காலி எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால்தான் இவ்வளவு காலம் ஒருவர் அதில் இருக்க முடிவதன் காரணம் புரியும். இதை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

பெயரிலிருந்து தொடங்குவோம்

ஜெர்மன் மொழியில் மேயருக்குப் பெயர் பியூர்கர்மைஸ்டர். பியூர்கர் என்றால் குடிமகன். மைஸ்டர் என்றால் தன் தொழிலில் தேர்ந்த தலைமைக் கைவினைஞர். தச்சுப் பட்டறைக்கும் ரொட்டிக் கடைக்கும்கூட மைஸ்டர் உண்டு. ஆகவே அந்தப் பெயரிலேயே அரச வாசனையைவிடப் பட்டறை வாசனைதான் அதிகம்.

அவர் தலைமை தாங்கும் ஊருக்குப் பெயர் கெமைண்டே. தனக்கென மன்றமும் வரவுசெலவும் உள்ள மிகச் சிறிய ஆட்சி அலகு அது. முந்நூறு பேர் வாழும் கிராமமும் கெமைண்டேதான், சில லட்சம் பேர் வாழும் நகரமும் கெமைண்டேதான். நாடு முழுக்க இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. பெரிய நகரங்களின் மேயரை ஓபர்பியூர்கர்மைஸ்டர், அதாவது தலைமை மேயர், என்று அழைப்பார்கள். நாம் பேசப்போவது அவர்களைப் பற்றியல்ல. தேவாலயக் கோபுரம், தீயணைப்புக் கொட்டகை, ஒரு தொடக்கப்பள்ளி, இரண்டு ரொட்டிக் கடை என்று அடங்கிவிடும் ஊர்களின் மேயர்களைப் பற்றி.

மேயர் என்றதும் தோளில் அங்கியும் கழுத்தில் சங்கிலியுமாக நாடா வெட்டும் ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். ஜெர்மனியிலும் பல ஊர்களில் பதவிச் சங்கிலி உண்டு. விழா நாளில் அணிவார்கள். மற்ற நாட்களில் அது பெட்டியில் இருக்கும், மேயர் கோப்புகளோடு இருப்பார்.

தேரும் கட்டையும்

தேரோட்டத்தைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுபவர்கள் சிலரே. தேரை இழுப்பது அவர்கள் வேலை இல்லை. எங்கே திருப்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. முட்டுக்கட்டை என்ற சொல்லைத் தடை என்ற பொருளிலேயே நாம் பயன்படுத்திப் பழகிவிட்டோம். கட்டை இல்லாவிட்டால் தேர் தெருமுனையில் வீட்டுக்குள் புகுந்துவிடும்.

சிற்றூர் மேயரின் அதிகாரம் ஏறக்குறைய இந்த வகை. வடம் பிடிப்பவர்கள் வேறு: ஊர் மன்றம், மாநில அரசு, மாவட்ட நிர்வாகம், சங்கங்கள், நிலம் வைத்திருக்கும் விவசாயிகள், வரி கட்டும் தொழிற்சாலை. இவர்களில் எவரையும் மேயர் தன் விருப்பத்துக்கு ஆட்டிவைக்க முடியாது. ஆனால் எது முதலில், எது பிறகு, எது இந்த ஆண்டு, எது பத்தாண்டு கழித்து என்ற வரிசை அவர் மேசையில்தான் உருவாகிறது.

ஊருக்கு இந்த உரிமை எங்கிருந்து வந்தது?

1806-இல் நெப்போலியனிடம் பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் அரசு தோற்றது. படையை மட்டும் சீர்செய்தால் போதாது, குடிமக்கள் தங்கள் ஊர் தங்களுடையது என்று உணர வேண்டும் என்று நினைத்தார் ஸ்டைன் பிரபு என்ற அமைச்சர். 1808-இல் அவர் கொண்டுவந்த நகரச் சட்டம், நகரங்களின் நிர்வாகத்தை அங்கே வாழ்பவர்களிடமே ஒப்படைத்தது. வாக்குரிமை சொத்துள்ளவர்களுக்கு மட்டுமே இருந்தது. இருந்தாலும் வித்து விழுந்தது அப்போதுதான்.

இன்றைய சட்ட அடிப்படை 1949-இல் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. உள்ளூர்ச் சமூகத்தின் எல்லா விவகாரங்களையும், சட்டங்களின் வரம்புக்குள், தன் சொந்தப் பொறுப்பில் நடத்திக்கொள்ளும் உரிமை கெமைண்டேவுக்கு உண்டு என்று அது சொல்கிறது. இதற்குத் தன்னாட்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மேலே இருக்கும் அரசு மனம் வந்து கொடுத்த சலுகையாக இருந்தால் மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். இது அரசியல் சட்டம் தந்த உரிமை. பறித்தால் ஊர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

மாவட்ட நிர்வாகம் ஊரைக் கண்காணிக்கிறது, உண்மைதான். ஆனால் ஊர் தன் சொந்த விவகாரங்களில் எடுக்கும் முடிவு சட்டப்படி சரியா என்று மட்டுமே அது பார்க்கலாம். முடிவு புத்திசாலித்தனமானதா என்று கேட்க அதற்கு உரிமை இல்லை. ஓர் ஊர், நூலகத்துக்குப் பதிலாக நீச்சல் குளத்தைத் தேர்ந்தெடுத்தால் அது அந்த ஊரின் இஷ்டம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: கெமைண்டே என்பது தன் காரியங்களைத் தானே முடிவுசெய்யும் ஊர். அதன் உரிமை அரசியல் சட்டத்தில் இருக்கிறது. மேயர் அந்த உரிமையை நடைமுறைப்படுத்தும் ஆள்.

ஒருவருக்கு மூன்று நாற்காலி

தெற்கே பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். மேயரின் பதவி அங்கேதான் மிக வலுவானது. அங்கே ஒரே ஆள் மூன்று நாற்காலிகளில் அமர்கிறார். ஊர் மன்றத்தின் தலைவர் அவர். அங்கே அவருக்கு வாக்கும் உண்டு. ஊர் அலுவலகத்தின் தலைமை அதிகாரி அவர். எழுத்தரும் பொறியாளரும் தெரு பெருக்குபவரும் அவருக்குக் கீழே. வெளியாரிடம் ஊரின் சார்பாகக் கையெழுத்திடுபவரும் அவர்தான்.

இது நாடு முழுவதும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வடமேற்கு ஜெர்மனி பிரிட்டிஷ் படையின் பொறுப்பில் இருந்தது. தங்கள் நாட்டு வழக்கப்படி பிரிட்டிஷார் பதவியை இரண்டாகப் பிரித்தார்கள்: மன்றத்துக்குத் தலைமை தாங்க ஊதியமில்லாத மேயர் ஒருவர், அலுவலகத்தை நடத்த முழுநேர நிர்வாக இயக்குநர் ஒருவர். விழாவில் நாடா வெட்டுபவர் முன்னவர், நிஜமான வேலை பின்னவரிடம். அந்த மேயரையும் மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை, மன்றம் தேர்ந்தெடுத்தது.

1990-களில் ஒவ்வொரு மாநிலமாகத் தெற்கின் வழிக்கு வந்தன. வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் 1999-இல்தான் முதன்முறையாக மக்கள் நேராக மேயருக்கு வாக்களித்தார்கள். ஆகவே "ஜெர்மன் மேயர்" என்று மொத்தமாகப் பேசுபவரிடம் "எந்த மாநிலத்தில், எந்தக் காலத்தில்?" என்று திருப்பிக் கேட்பது அவசியம்.

இன்னொரு பிரிவும் முக்கியம். சில ஆயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் மேயர் பொதுவாக முழுநேரப் பணியாளர். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அரசு ஊழியராக இருப்பவர். அவருடைய சம்பளத்தை ஊரின் மக்கள்தொகையைப் பார்த்து மாநிலச் சட்டம் நிர்ணயிக்கிறது. அவர் கேட்டு வாங்க முடியாது. அதைவிடச் சிறிய ஊர்களில் அவர் கௌரவ மேயர்: சிறு தொகை படியாகக் கிடைக்கும், பிழைப்புக்கு வேறு வேலை பார்க்க வேண்டும். பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டோ பால் கறந்துவிட்டோ மாலையில் ஊர் அலுவலகத்தைத் திறப்பவர்கள் இவர்கள். ரைன்லாந்து-ஃபால்ட்ஸில் பல சிற்றூர்கள் சேர்ந்து பொதுவாக ஓர் அலுவலகம் வைத்துக்கொள்கின்றன. கோப்பு வேலை அங்கே நடக்கும். ஊரின் முடிவுகள் ஊரிலேயே, கௌரவ மேயரின் தலைமையில் நடக்கும். விண்ட்ஹாகனின் ரூடல் இந்த வகையைச் சேர்ந்தவர். அரை நூற்றாண்டுக்கும் மேல் அவர் வகித்தது கௌரவப் பதவி என்று தெரிந்த பிறகு "ஜமீன்" என்ற சொல் கொஞ்சம் தயங்குகிறது அல்லவா?

மேயர் தேவை: விளம்பரம் கொடுக்கும் ஊர்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் முழுநேர மேயர் பதவி காலியாகப் போகிறது என்றால், அதைப் பொதுவில் விளம்பரம் செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எழுத்தர் வேலைக்கு விளம்பரம் வருவதைப் போல! இத்தனை பேர் வாழும் ஊர், பதவிக்காலம் எட்டு ஆண்டு, விண்ணப்பம் இந்தத் தேதிக்குள்.

விண்ணப்பிப்பவர் அதே ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி வாழ்பவரும் வரலாம். கேல், லுட்விக்ஸ்பூர்க் ஆகிய இரண்டு நகரங்களில் அரசு நிர்வாகத்துக்கென்றே கல்லூரிகள் இருக்கின்றன. அந்த மாநிலத்து மேயர்களில் நிறையப் பேர் அங்கே படித்தவர்கள். முப்பது வயதில் பட்டமும் கொஞ்சம் அலுவலக அனுபவமும் உள்ள ஒருவர், இதுவரை கால் வைக்காத ஊருக்குப் போய், வீடு வீடாகக் கதவைத் தட்டி, "உங்கள் மேயராக விரும்புகிறேன்" என்று சொல்வது அங்கே இயல்பான காட்சி. ஊர் மண்டபத்தில் வேட்பாளர் அறிமுகக் கூட்டம் நடக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு நேரம். பிறகு கேள்விகள்: மழலையர் பள்ளி எத்தனை மணிவரை? சாக்கடைக் குழாய் எப்போது மாற்றுவீர்கள்? ஜெயித்தால் இந்த ஊருக்கே குடிவருவீர்களா? அந்தக் கடைசிக் கேள்விக்குச் சொல்லும் பதிலில் பல தேர்தல்கள் தீர்ந்துவிடும்.

கட்சி? பெரிய நகரங்களில் கட்சி முக்கியம். சிற்றூர்களில் அதன் பிடி தளர்வானது. எந்தக் கட்சியையும் சேராதவர்களும், உள்ளூர் வாக்காளர் குழுக்களின் ஆதரவோடு நிற்பவர்களும் ஏராளம். சாக்கடைக் குழாய்க்குக் கட்சிக் கொள்கை கிடையாது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

பவேரியாவில் இன்னோர் அழகான விதி. மேயர் பதவிக்கு ஒருவர் மட்டுமே நின்றாலோ, யாருமே நிற்காவிட்டாலோ, வாக்காளர்கள் தகுதியுள்ள வேறு எவருடைய பெயரையும் வாக்குச்சீட்டில் கைப்பட எழுதலாம். போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. ஒற்றை வேட்பாளரும் வாக்குப் பெட்டியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

சுருக்கமாக: மேயரைப் பெரும்பாலும் மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் எட்டு, பவேரியாவில் ஆறு. எத்தனை முறையும் நிற்கலாம். நீண்டகால மேயர் என்பவர் ஒரே முறை ஏறி உட்கார்ந்துவிட்டவர் இல்லை. ஒவ்வொரு முறையும் மறுபடி கேட்டு வாங்கியவர்.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு குடும்பத்தில் வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் என்று தள்ளிப்போட முடியாத செலவுகள் முதலில் போகும். மிச்சம் இருந்தால் தீபாவளிக்குப் புதுத்துணி, கோடையில் ஒரு பயணம். கெமைண்டேவின் செலவும் இப்படித்தான் பிரிந்திருக்கிறது. குடிநீர், கழிவுநீர், பள்ளிக் கட்டடம், மழலையர் பள்ளி, தீயணைப்புப் படை எல்லாம் கடமைச் செலவுகள். நூலகம், நீச்சல் குளம், இசைப்பள்ளி, சங்கங்களுக்கு மானியம் இவை விருப்பச் செலவுகள். பணம் குறைந்தால் முதலில் கத்தி விழுவது விருப்பச் செலவில்தான். ஊரின் உயிர் இருப்பதும் அதில்தான் என்பதால் நிதிநிலைக் கூட்டங்களில் குரல்கள் உயரும்.

வருமான வரியில் ஒரு பங்கு மேலிருந்து வருகிறது. நிலம், வீடுகளின் மேல் சொத்துவரி உண்டு. ஊரே அளவை முடிவுசெய்யக்கூடிய பெரிய வரவு தொழில்வரி. ஊரில் இருக்கும் நிறுவனங்களின் லாபத்தின் மேல் விதிப்பது. கணக்கு எளிது. ஒரு நிறுவனத்துக்கு ஆண்டு லாபம் 1,00,000 யூரோ என்று கொள்வோம். அதில் 3.5 சதவீதம், அதாவது 3,500 யூரோ, அடிப்படைத் தொகை. இது நாடு முழுக்க ஒன்று. இதை ஊர் மன்றம் முடிவுசெய்த பெருக்கு விகிதத்தால் பெருக்க வேண்டும். விகிதம் 400 சதவீதம் என்றால் வரி 14,000 யூரோ. 300 என்றால் 10,500. இந்தப் பணத்திலும் ஒரு பகுதி மேலே போகும். மாவட்டத்துக்கும் பங்கு கட்ட வேண்டும். மிச்சம் ஊருக்கு.

இந்த ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மேயர் என்ன செய்ய முடியும் என்பதற்கு ரைன் கரையில் உள்ள மோன்ஹைம் நகரம் சாட்சி. பள்ளி மாணவர்கள் தொடங்கிய உள்ளூர்க் கட்சி ஒன்றின் சார்பில், 2009-இல், 27 வயதில் மேயரானார் டானியேல் சிம்மர்மன். 2012-இல் விகிதம் 435-இலிருந்து 300-ஆகக் குறைக்கப்பட்டது. நிறுவனங்கள் வந்து குவிந்தன. கடனில் தத்தளித்த நகரம் செழித்தது. பக்கத்து ஊர்கள் தங்கள் வரவு ஓடிப்போகிறது என்று கொதித்தன. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பின்னாளில் மோன்ஹைம் தன் உபரிப் பணத்தில் 3.8 கோடி யூரோவை ஒரு வங்கியில் போட்டிருந்த நிலையில், 2021-இல் அந்த வங்கி முடங்கியது. தன்னாட்சி என்றால் தவறு செய்யும் உரிமையும் சேர்த்துத்தான்.

விண்ட்ஹாகனிலும் இதே கதையின் அமைதியான வடிவம் உண்டு. கொலோன்-ஃபிராங்ஃபர்ட் நெடுஞ்சாலை அந்த ஊரின் பக்கமாகப் போகிறது. பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுக்கும் இயந்திரங்களுக்கு உலகப் பெயர் பெற்ற விர்ட்கன் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். நாலாயிரம் பேர் வாழும் ஊருக்கு அப்படியொரு தொழில்வரி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மேலே போட்ட கணக்கை வைத்து நீங்களே ஊகிக்கலாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

மேயரின் வாழ்க்கையைக் கூட்டக் குறிப்புகளில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது.

எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று பிறந்தநாள் வந்தால் மேயர் வீட்டுக்கு வருவார். கையில் ஒரு பூங்கொத்தோ ஒயின் பாட்டிலோ இருக்கும். ஐம்பதாம் திருமண நாளுக்கும் அப்படியே. ஒரு மணி நேரம் கேக்கும் காபியும். அந்த ஒரு மணி நேரத்தில், வாசலுக்கு எதிரே தெருவிளக்கு எரியவில்லை, பேரனுக்கு வீட்டுமனை கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டு மரக்கிளை நம் கூரைமேல் விழுகிறது எல்லாம் வந்துவிடும். அலுவலகத்துக்கு மனு எழுதிப் போடாத பாட்டி, கேக் துண்டை நறுக்கிக்கொண்டே சொல்லிவிடுவார். இருபது ஆண்டு இப்படி உட்கார்ந்து எழுந்தவருக்கு ஊரின் ஒவ்வொரு வீட்டுக் கூரையும் மனப்பாடம்.

குளிர்காலத்தில் பனி கொட்டிய காலையில், எந்தத் தெருவில் இன்னும் பனி அள்ளவில்லை என்ற புகார் அவருக்குத்தான் போகும். தன்னார்வத் தீயணைப்புப் படையின் ஆண்டுக்கூட்டத்தில் அவர் முன்வரிசையில் இருந்தே ஆக வேண்டும். ஜெர்மனியில் சுமார் பத்து லட்சம் பேர் ஊதியமில்லாமல் தீயணைப்புப் பணி செய்கிறார்கள். சிற்றூரில் வீடு தீப்பற்றினால் ஓடி வருவது பக்கத்துத் தெரு தச்சரும் வங்கி ஊழியரும்தான். அவர்களுக்கு வண்டியும் உடையும் வாங்கித்தருவது ஊரின் கடமை. நவம்பரில் போரில் இறந்தவர்களின் நினைவுக்கல்லில் மலர்வளையம் வைப்பார். கோடைத் திருவிழாவில் மரச்சுத்தியால் அடித்து முதல் பீர் பீப்பாயைத் திறப்பார்; எத்தனை அடியில் திறந்தார் என்று ஊர் எண்ணிக்கொண்டிருக்கும்.

தென்மேற்கில் தவக்காலத்துக்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை இன்னொரு சடங்கு. மர முகமூடியும் மணிகளும் கட்டிய கூட்டம் ஊர் அலுவலகத்தை முற்றுகையிட்டு உள்ளே புகும். மேயரைப் பிடித்து வெளியே கொண்டுவந்து சாவியைப் பறித்துக்கொள்வார்கள். சாம்பல் புதன்வரை ஆட்சி கோமாளிகள் கையில். ஆண்டுக்கு ஒருமுறை எல்லார் முன்னாலும் பதவியைப் பறிகொடுத்து, சிரித்த முகத்தோடு நிற்பதும் அந்தப் பணியின் ஒரு பகுதி.

மாலைகளில் மன்றக் கூட்டம். பெரும்பாலும் வெளிப்படையான கூட்டம்; யாரும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் நான் மிகவும் மதிக்கும் ஒரு வழக்கம் உண்டு. பேசப்படும் விஷயத்தில் உறுப்பினர் ஒருவருக்குச் சொந்த ஆதாயம் இருந்தால், உதாரணமாக அவருடைய நிலத்தின் வழியே சாலை போகிறது என்றால், அவர் மேசையைவிட்டு எழுந்துவிட வேண்டும். நாற்காலியைப் பின்னே தள்ளி, பொதுமக்கள் வரிசைக்கு நடந்து போய் அங்கே உட்காருவார். மேயரும் இந்த விதிக்கு உட்பட்டவர். அந்தச் சில அடி தூரம் நடப்பதை ஊரே பார்க்கிறது.

ஏன் இருபது, முப்பது ஆண்டுகள்?

இப்போது மையக் கேள்விக்கு வரலாம். ஊரின் ஓரத்தில் நாற்பது வீடுகளுக்கு மனை பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை மாடி, எங்கே சாலை என்று வரையறுக்கும் ஆவணத்துக்குக் கட்டுமானத் திட்டம் என்று பெயர். அதைத் தொடங்க மன்றத் தீர்மானம் வேண்டும். வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு: வண்டிச் சத்தம் வரும் என்பவர், வயலில் பல்லியும் வானம்பாடியும் இருக்கின்றன என்பவர், நிலம் தரமாட்டேன் என்பவர். ஒவ்வோர் ஆட்சேபத்தையும் எடைபோட்டு எழுத்தில் பதில் பதிய வேண்டும். அதன் பிறகே இறுதித் தீர்மானம். முதல் பேச்சிலிருந்து முதல் செங்கல்வரை பல ஆண்டுகள். ஊருக்கு வெளியே சுற்றுச்சாலை என்றால் ஒரு தலைமுறையே போய்விடுகிறது.

இப்படி மெதுவாக விளையும் பயிருக்கு, விதைத்தவர் அறுவடைவரை இருப்பது பெரிய அனுகூலம். யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தோம், எந்த விவசாயியின் அப்பா எதற்காகக் கோபித்துக்கொண்டார் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இருக்காது.

பவேரியாவின் அல்காய் மலைச்சாரலில் உள்ள வில்ட்போல்ட்ஸ்ரீட் இதற்கு நல்ல உதாரணம். சுமார் 2,500 பேர், நிறையப் பசுக்கள். ஆர்னோ செங்கர்லே 1996-இல் மேயரானார். ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று 1999-இல் மக்களிடமே கருத்துக் கேட்டார்கள். 2020-ஐ இலக்காக வைத்து ஒரு திட்டம் எழுதினார்கள். காற்றாலைகளில் ஊர்மக்கள் தங்கள் பணத்தைப் பங்காகப் போட்டார்கள். மாட்டுத்தொழுவக் கூரைகளில் சூரியத் தகடுகள், சாண எரிவாயு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இன்று அந்த ஊர் தான் பயன்படுத்துவதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை உற்பத்திசெய்கிறது. செங்கர்லே 2020-இல், திட்டத்தின் இலக்கு ஆண்டிலேயே, விடைபெற்றார். ஆறாண்டுப் பதவிக்காலம் நான்கு. இலக்கை எழுதியவரே இலக்கு நாள்வரை பதில் சொல்லக் கடமைப்பட்டு இருந்தார் என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மறுபக்கம் இல்லாமல் இல்லை. நீண்ட காலம் ஒருவரே இருந்தால் மற்றவர்கள் கேள்வி கேட்கப் பழகுவதில்லை. எதிர்த்து நிற்க ஆள் வருவதில்லை. ஊரின் நினைவெல்லாம் ஒரே தலைக்குள் போய்ச் சேர்ந்தால், அந்தத் தலை போகும்போது நினைவும் போய்விடும். பாதியில் பதவி நீக்கும் வசதியும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் பவேரியாவிலும் வாக்காளர்கள் மேயரை இடையில் திருப்பியழைக்க முடியாது. கிழக்கே பிராண்டன்பூர்க்கில் 1990-களில் இது மிக எளிதாக இருந்தது. மேயர்கள் அடுத்தடுத்து வீழ்ந்ததால் மக்கள் அதற்கு "மேயர் உருட்டல்" என்று, பந்தெறிந்து கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டின் பெயரையே வைத்தார்கள். பிறகு விதியை இறுக்கினார்கள்.

ஆக, நீண்ட பணிக்கு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன: நேரடித் தேர்தல் தரும் தனி வலு, கட்சியின் தளர்ந்த பிடி, மெதுவாக விளையும் வேலைகள். ஆளின் குணம் இவற்றுக்கு மேலேதான் வருகிறது.

அல்தேனா: எல்லாரும் அடையாளம் காணும் முகம்

ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவராக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் மலைகளுக்கு இடையே, பழைய கம்பித் தொழிலை நம்பி வாழ்ந்த அல்தேனா என்ற சிறு நகரம். 1970-களில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். பிறகு ஆலைகள் மூடி, மக்கள் கிளம்பி, 17,000 அளவுக்குச் சுருங்கியது. 1999-இல், அந்த மாநிலத்தின் முதல் நேரடித் தேர்தலிலேயே, ஆண்ட்ரேயாஸ் ஹோல்ஷ்டைன் அங்கே மேயரானார். 2020வரை இருந்தார்.

சுருங்கும் ஊரை நிர்வகிப்பது வளரும் ஊரை நிர்வகிப்பதைவிடக் கடினம். திறப்பு விழாக்கள் குறைவு, மூடு விழாக்கள் அதிகம். எந்தப் பள்ளியை மூடுவது என்ற முடிவுக்கு யாரும் மாலை போடுவதில்லை. 2015-இல் அகதிகள் பெருமளவில் வந்தபோது, அல்தேனா தனக்கு ஒதுக்கிய எண்ணிக்கையைவிட நூறு பேரைக் கூடுதலாக, தானே கேட்டு ஏற்றுக்கொண்டது. முகாம் போடவில்லை, காலியாகக் கிடந்த குடியிருப்புகளில் ஊருக்குள்ளேயே குடிவைத்தது. வந்தவர்களுக்குக் கைகொடுக்க உள்ளூர்த் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். 2017 மே மாதம் சான்சலர் மெர்க்கெல் கையால் தேசிய ஒருங்கிணைப்பு விருது கிடைத்தது.

அதே ஆண்டு நவம்பர் 27. மாலையில் ஹோல்ஷ்டைன் ஒரு கபாப் கடையில் சாப்பாடு வாங்க நின்றிருந்தார். உள்ளே வந்த ஒருவர், "நீங்கள்தானே மேயர்?" என்று உறுதிசெய்துகொண்டு கத்தியை அவர் கழுத்தில் வைத்தார். மேயர் அகதிகளை ஊருக்குள் கொண்டுவந்ததுதான் கத்தி வைத்தவரின் ஆத்திரம். கடையை நடத்திய குடும்பத்தினர் பாய்ந்து பிடித்ததால் மேயர் உயிர் பிழைத்தார். புலம்பெயர்ந்து வந்து கடை வைத்த குடும்பம் அது. மறுநாள் கழுத்தில் கட்டோடு செய்தியாளர்கள் முன் வந்து, தன் வேலையைத் தொடரப்போவதாகச் சொன்னார்.

மெய்க்காவலர் இல்லாமல் தனியாகச் சாப்பாடு வாங்கப் போகும் ஒருவர்தான் சிற்றூர் மேயர். எண்பது வயதுப் பாட்டி கேக் நறுக்கிக்கொண்டே குறை சொல்ல முடிவதும் அதனால்தான், கத்தியோடு ஒருவர் அவ்வளவு பக்கத்தில் வர முடிந்ததும் அதனால்தான். அண்மை ஆண்டுகளில் மிரட்டல்களுக்கு அஞ்சி மறுபடி நிற்காமல் விலகிய மேயர்கள் இருக்கிறார்கள். ஹோல்ஷ்டைன் விலகவில்லை. அதை அவருடைய துணிச்சல் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. ஓர் ஊர் மேயருக்கு இவ்வளவு துணிச்சல் தேவைப்படக் கூடாது.

புதிதாக ஒருவர்

2023 ஏப்ரலில், பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் 2,500 பேர் வாழும் ஓஸ்டெல்ஸ்ஹைம் மேயர் தேர்தல் நடத்தியது. வேட்பாளர்களில் ஒருவர் ரய்யான் அல்ஷெப்ல், வயது 29. 2015-இல் சிரியாவிலிருந்து அகதியாக வந்தவர். பக்கத்து ஊரான ஆல்தெங்ஷ்டெட்டின் அலுவலகத்தில் வேலை பார்த்து, நிர்வாகம் கற்று, குடியுரிமை பெற்றிருந்தார். ஓஸ்டெல்ஸ்ஹைமில் அவர் குடியிருக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். முதல் சுற்றிலேயே 55 சதவீதத்துக்கும் மேல் வாக்கு.

உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதிசயம் என்றார்கள். இந்தக் கட்டுரையை இதுவரை படித்தவர்களுக்கு அதில் எந்தப் பகுதி வழக்கமானது என்று தெரிந்திருக்கும்: விளம்பரம், வெளியூர் வேட்பாளர், அலுவலக அனுபவம், கதவு தட்டல், கட்சி பாராத வாக்கு. அந்த ஜூனில் அவர் பொறுப்பேற்றார். பிறந்தநாள் வீடுகளுக்குப் போகத் தொடங்கியிருப்பார். பதவிக்காலம் எட்டு ஆண்டு. 2031-இல் ஓஸ்டெல்ஸ்ஹைம் மறுபடி விளம்பரம் கொடுக்கும்.